ரோஜாப் பக்கமும் அரளிப் பக்கமும்

பொடி கம்பெனியின் கேட்டைத் தாண்டி உள்ளே நுழைந்தால், ஆபீசுக்குப் போகும் சிமெண்டுப் பாதைக்கு வலப்பக்கம் ரோஜா, இடப்பக்கம் அரளி. இரண்டையும் பார்த்துக்கொள்ளத்தான் கங்கம்மாவை வேலைக்கு வைத்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால் அவள் பார்த்துக்கொண்டது ரோஜாவை மட்டும்தான். அரளி தன்னைத்தானே பார்த்துக்கொண்டது.

அரளியைப் போல ரோஷங்கெட்ட செடி வேறு கிடையாது. ஒரு குச்சியை ஒடித்து மண்ணில் குத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாலும் துளிர்க்கும். தண்ணீர் ஊற்றினால் குடிக்கும், ஊற்றாவிட்டால் கேட்காது. உப்புத் தண்ணீரா, சரி. சாக்கடையா, அதுவும் சரி. ஆடு மாடு வாய் வைக்காது. வருஷத்துக்கு ஒரு தடவை வெட்டிவிட்டால் போதும். வெட்டும்போது வடிகிற பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ரோஜா அப்படியா? கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி மாதிரி, எதற்குக் கோபித்துக்கொள்ளும் என்றே தெரியாது. காலை வெயில் வேண்டும், உச்சி வெயில் ஆகாது. வேரில் ஈரம் இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கினால் அழுகிப்போகும். சாயங்காலம் இலை நனைந்தால் இரண்டு நாளில் கரும்புள்ளி விழும். மழை ஓய்ந்ததும் பழைய கிளைகளைக் கழித்துக் கவாத்து செய்ய வேண்டும். மக்கிய சாணம், டீத்தூள் சக்கை, நொறுக்கிய முட்டை ஓடு என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். இத்தனையும் செய்த பிறகும் ஒருநாள் காரணமே சொல்லாமல் நுனியிலிருந்து காய ஆரம்பிக்கும். கங்கம்மாவுக்கு அந்தச் செடிகள் மேல்தான் உயிர்.

பெயிண்டில் கலக்கும் கலர்ப் பொடி செய்கிற கம்பெனி அது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அதற்குப் பெரிய பெயர் ஒன்று இங்கிலீஷில் எழுதியிருந்தது, சுற்று வட்டாரத்தில் எல்லாருக்கும் அது பொடி கம்பெனிதான். ஷிப்டு முடிந்து வெளியே வருகிறவன் எச்சில் துப்பினால் உள்ளே அன்றைக்கு என்ன கலர் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். பின்பக்கச் சுவரோரம் ஓடுகிற ஓடை கங்கம்மாவின் ஊரான ஆலங்கண்டிகை ஏரிக்குப் போகிறது. ஏரியை ஒட்டித்தான் ஊர்க்கிணறு.

தோட்டத்தின் முகப்பில் பச்சைப் பலகை ஒன்று நின்றது. 'இத்தோட்டம் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரால் பராமரிக்கப்படுகிறது.' அந்தத் தண்ணீர் வரும் குழாய் இரண்டு பக்கமும் இருந்தது. பழுப்பு நிறமாக, லேசாக நுரைத்துக்கொண்டு வரும். முதல் தடவை வைத்த ரோஜாக்கள் அதைக் குடித்து ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. மேனேஜர் ஆதிகேசவன், "உன் கை ராசி அப்படி" என்று சத்தம் போட்டுவிட்டு வேறு செடிகளை இறக்கினார்.

அந்தச் செடிகளுக்குத்தான் அவள் அரிசி கழுவிய தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள். இதில் பெரிய சூது ஒன்றும் இல்லை. கம்பெனி கேன்டீனுக்கு ஆரணியாற்றுப் பக்கத்திலிருந்து லாரியில் நல்ல தண்ணீர் வரும். அண்டா அண்டாவாக அரிசி கழுவி, வெள்ளைத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுவார்கள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற ரகம் இல்லை கங்கம்மா. அவள் வீட்டில், அவள் அம்மா வீட்டில், அந்தப் பக்கத்து வீடுகள் எல்லாவற்றிலும் அரிசி கழுவிய தண்ணீர் ஒன்று மாட்டுக்குப் போகும், இல்லாவிட்டால் செடிக்குப் போகும். சமையல்கார முனுசாமியிடம் கேட்டாள்.

"எடுத்துக்கினு போக்கா. கொட்ற தண்ணிதானே, இதுக்கு இன்னா பர்மிஷன்?" என்றான் அவன்.

ரோஜா பிடித்துக்கொண்டது. பன்னீர் ரோஜா, ஒவ்வொன்றும் கைப்பிடி அளவுக்கு. ஆதிகேசவன் வருகிறவர்களை எல்லாம் பாதையிலேயே நிறுத்தி, பூவையும் பலகையையும் மாறி மாறிக் காட்டினார். எந்தத் தண்ணீர் என்று அவரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. செடி நன்றாக இருந்தால் தோட்டக்காரியை யார் என்ன கேட்கப்போகிறார்கள்?

வீட்டிலும் அதே ரோஜாவின் பதியனை மூன்று தடவை வைத்துப் பார்த்தாள். ஊர்க்கிணற்றுத் தண்ணீர் ஊற்றி வளர்த்த மூன்றும் இலை நுனி கருகிச் செத்தன. கிணற்றடியில் அம்மனுக்குப் பறிக்க வைத்த செவ்வரளி மட்டும் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. அப்போதே கங்கம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஏனென்றால் அவள் மகள் இளமதி குடித்ததும் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான்.

இளமதியை உள்ளூரிலேயே, கங்கம்மாவின் அண்ணன் மகன் அன்புசெல்வனுக்குக் கொடுத்திருந்தது. முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே அசைவு நின்றுபோனது. பெண் பிள்ளை. விரல்கள்கூட முழுசாக இருந்தன என்று சொன்ன நர்சை கங்கம்மா இன்றுவரை மன்னிக்கவில்லை. டாக்டரம்மா, "எந்தத் தண்ணி குடிக்கிறே? முதல்ல தண்ணிய மாத்து" என்றார். எதற்கு மாற்றுவது என்று அவர் சொல்லவில்லை. ஆலங்கண்டிகையில் இருந்தது ஒரே கிணறு.

மறுபடி உண்டானதும் மகளைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள் கங்கம்மா. தினமும் சாயங்காலம் கேன்டீன் குழாயில் ஒரு பெரிய பாட்டிலை நிரப்பி, சோற்றுப் பைக்குள் துண்டு சுற்றி வைத்து, வாட்ச்மேன் கண்ணில் படாமல் வெளியே கொண்டுவந்தாள். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு மட்டும் அந்தத் தண்ணீர். கங்கம்மா ஒரு வாய் தொடமாட்டாள். கேட்டில் அவன் பையைத் தடவும்போதெல்லாம் நகையைத் திருடிக்கொண்டு போகிறவள் போல வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள்.

இந்த நிலைமையில்தான் அன்புசெல்வன் ஊரைக் கூட்டி மனு எழுதினான். ஓடையில் கம்பெனித் தண்ணீரை விடக்கூடாது, ஊருக்குக் குடிநீர்க் குழாய் போட்டுத்தர வேண்டும். நாற்று எரிந்த வயலையும், கொப்பளித்த காலையும், செத்த எருமையையும் போட்டோ பிடித்துச் சேர்த்தான். பொங்கல் முடிந்து மெட்ராசிலிருந்து ஒரு ஆபீசர் சோதனைக்கு வந்தார்.

வந்தவர் முதலில் பார்த்தது ரோஜாவைத்தான். யார் பார்த்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள், அதற்காகத்தானே வைத்தது.

"சார், ரோஜா எவ்வளவு நோஞ்சான் செடின்னு உங்களுக்கே தெரியும். எங்க தண்ணில எப்படிப் பூத்திருக்கு பாருங்க. இந்தத் தண்ணி பயிரக் கொல்லுதுன்னு மனு குடுக்கறாங்க" என்றார் ஆதிகேசவன்.

ஆபீசர் மண்வெட்டியோடு நின்றிருந்த கங்கம்மாவிடம் திரும்பினார். "இந்தக் குழாய்த் தண்ணியத்தான் ஊத்துறீங்களாம்மா?"

அவள் கண் அந்தப் பக்கம் அரளிமேல் போனது. அதற்கு அந்தத் தண்ணீர்தான். ஆக முழுப் பொய் இல்லை என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டாள். நிஜமான கணக்கு வேறு. இல்லை என்று சொன்னால் நாளைக்கு இந்தக் கேட்டுக்குள் வர முடியாது. வர முடியாவிட்டால் பாட்டில் இல்லை. இளமதிக்கு அது நாலாம் மாதம்.

கங்கம்மா தலையாட்டினாள்.

ஆதிகேசவன் ஒரு பூவைக் கிள்ளி ஆபீசர் கையில் கொடுத்தார். அவர் அதை முகர்ந்து பார்த்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். சோதனைக்கு, தோட்டத்துக் குழாயை விட்டுவிட்டு மேனேஜர் காட்டிய வேறொரு குழாயில் பாட்டில் பிடித்தார்கள், அது தெளிவாகத்தான் வந்தது. ஊர்க்கிணற்றையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கம்பெனித் தண்ணீரில் ரோஜாவே பூக்கிறது, கிணறு கெட்டதற்குக் காரணம் சுனாமியில் கடல் தண்ணீர் உள்ளே புகுந்ததுதான் என்று மனுவுக்குப் பதில் வந்தது. சுனாமி அலை ஆலங்கண்டிகைப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அதை எந்த ஆபீசில் போய்ச் சொல்வது?

பதில் வந்த அன்றைக்குச் சாயங்காலம் அன்புசெல்வன் வீட்டுக்கு வந்தான். இளமதி கடைக்குப் போயிருந்தாள். பிறந்ததிலிருந்து அத்தை மடியில் வளர்ந்தவன், வாசற்படியிலேயே நின்றான்.

"உள்ள வா மாப்ள."

"அத்த, நான் இன்னா கேக்கறேன்னா, நம்ம ஊட்ல மூணு தபா வெச்ச ரோசா மூணு தபாவும் செத்துச்சு. அங்க மட்டும் எப்படி அத்த பூக்குது? அது எந்தத் தண்ணி?"

கங்கம்மா அவனிடம் பொய் சொல்லிப் பழகியதில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். கேன்டீன் அண்டா, முனுசாமி, பாட்டில், தலையாட்டியது வரை.

அவன் கத்துவான் என்று நினைத்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினான்.

"ஊரே ஒண்ணு சேந்து எழுதுனத உன் ரோசா ஒண்ணுமில்லாம பண்ணிடுச்சு அத்த."

"எம் பொண்ணுக்காகத்தான் மாப்ள."

"அவ என் பொண்டாட்டியும்தானே. ஒரு பாட்டிலு அவளுக்கு மட்டும்தான் ஆவும். சோறு எதுல வடிக்கறே? கொயம்பு எதுல வெக்கறே? எல்லாம் அந்தக் கெணத்துத் தண்ணிதானே. பைப்பு வந்தா எல்லாத்துக்கும் வரும். மறுபடியும் மனு போட்டு அதே ஆபீசர வரவைக்கறேன். அப்போ நீ வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல வாணாம். அந்தச் செடிக்கு அந்தத் தண்ணியவே ஊத்து. அதுவே சொல்லிடும்."

இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் கேன்டீன் பக்கம் குடத்தோடு போகாமல், குழாயைத் திறந்து ரோஜாப் பக்கம் விட்டாள்.

பழுப்புத் தண்ணீர் பாத்தியில் நுரைத்துக்கொண்டு பரவியது. முனுசாமி ஜன்னல் வழியாகக் கூப்பிட்டான்.

"இன்னாக்கா, தண்ணி வாணாவா?"

"வாணாம்ப்பா. கொட்டிரு."

அவன் கொட்டிய சத்தம் அவளுக்குக் கேட்டது. அதற்குப் பிறகு தினமும் கேட்டது.

முதலில் இலை நுனிகள் தோசை ஓரம் மாதிரிச் சிவந்தன. பிறகு கருகின. மொட்டுகள் விரியாமல் காம்பிலேயே தலை தொங்கின. ஒரு செடி மட்டும் பிடிவாதமாக அடியிலிருந்து புதுத் துளிர் ஒன்று விட்டது. அந்தத் துளிரைப் பார்த்த அன்றைக்குக் கங்கம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. தன் கையால் வளர்த்ததைத் தன் கையால் கொல்கிறோமே என்று அழுகை வந்தது, அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு அந்தத் துளிருக்கும் அதே தண்ணீரை விட்டாள். எதிர்ப்பக்கம் அரளி அதையே குடித்துவிட்டுக் கொத்துக் கொத்தாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

ஆதிகேசவன் குருடர் இல்லை. ஒருநாள் பாத்திக்குள் செருப்புக் காலோடு இறங்கி, ஒரு கிளையை ஒடித்துப் பார்த்தார். உள்ளே பழுப்பு ஓடியிருந்தது.

"என்ன கங்கம்மா இது?"

"நோவு சார். மருந்து அடிக்கறேன்."

அவர் கிளையைக் கீழே போட்டார். "ஆலங்கண்டிகை அன்புசெல்வன் உனக்கு என்ன வேணும்?"

"மாப்ள சார்."

"ம்" என்றார். செருப்பைத் தட்டிக்கொண்டு ஆபீசுக்குள் போய்விட்டார். திட்டியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சித்திரையில் ஆபீசர் மறுபடி வருகிறார் என்று அன்புசெல்வன் வந்து சொன்னான். திங்கட்கிழமை. இளமதிக்கு அப்போது ஏழாம் மாதம் பிறந்திருந்தது. வளைகாப்பு எல்லாம் பிள்ளை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கங்கம்மா தள்ளிப் போட்டிருந்தாள். போன தடவை இந்த மாதத்தில்தான்.

திங்கட்கிழமை காலையில் கேட்டுக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வலப்பக்கம் அரளி. இடப்பக்கமும் அரளி. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு, அன்றைக்கு நர்சரி லாரி வந்து போயிருந்தது. பூத்துக் குலுங்குகிற செவ்வரளிகளை மண்ணோடு கொண்டுவந்து நட்டிருந்தார்கள். மண் இன்னும் ஈரமாக இருந்தது. பலகைக்கு யாரோ புதுசாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

ரோஜாக்களைத் தேடிக்கொண்டு கேன்டீனுக்குப் பின்னால் ஓடினாள். அங்கே குப்பையோடு குவிந்து கிடந்தன. கொளுத்துவதற்கு இன்னும் நேரம் வரவில்லை போலிருக்கிறது.

ஜீப் வந்தது. ஆபீசர் இறங்கினார். பின்னாலேயே அன்புசெல்வனும் ஊர்க்காரர்கள் நாலு பேரும் வந்தார்கள். கேட்டுக்குள் கால் வைத்ததும் அன்புசெல்வன் ரோஜாப் பக்கம் பார்த்தான், பிறகு அத்தையைப் பார்த்தான். அவன் முகம் செத்துப்போனது.

"அடடே, தோட்டம் இன்னும் ஜோரா இருக்கே" என்றார் ஆபீசர்.

"ரோஜாவுக்கு ரொம்பப் பராமரிப்பு சார். அரளி வம்பே இல்ல. ஹைவேல நடுவுல எல்லாம் இதைத்தானே வைக்கறாங்க. அதே தண்ணிதான் சார், பாருங்க எப்படிப் பூத்திருக்கு."

கங்கம்மாவுக்கு அப்போது பாட்டில் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தும், குப்பையிலிருந்து ஒரு ரோஜாச் செடியை வேரோடு இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். முள் கிழித்து மணிக்கட்டில் ரத்தம் வடிந்தது. ஆபீசர் காலடியில் அதைப் போட்டாள்.

"சார், இந்தத் தண்ணிய ஊத்திதான் சார் இது செத்துச்சு. அப்போ பூத்தது இந்தத் தண்ணில இல்ல சார். கேண்டீன்ல அரிசி களுவுன தண்ணி. நான்தான் ஊத்தினேன். அரளி எதக் குடிச்சாலும் பூக்கும் சார், அத நம்பாதீங்க. எங்க கெணத்தாண்ட வந்து பாருங்க, அங்கியும் அரளிதான் பூக்குது. எங்க புள்ளைங்கதான் பொழைக்கல."

ஆபீசர் அவளை உற்றுப் பார்த்தார். கெட்ட மனுஷர் மாதிரித் தெரியவில்லை, அதுதான் இன்னும் கொடுமை.

"போன தடவை நான் உங்களைத்தானேம்மா கேட்டேன். ஆமான்னு தலையாட்டுனீங்க."

"பயத்துல ஆட்டிட்டேன் சார்."

ஆதிகேசவன் குரலை உயர்த்தவே இல்லை. "சார், இந்தம்மா மனு குடுத்தவரோட மாமியார். அவரே இங்கதான் நிக்கறாரு, கேளுங்க. நல்லா இருந்த செடிய இவங்களே என்னத்தையோ ஊத்திக் கொன்னுருக்காங்க. நாங்க போலீசுக்குப் போகல, பாவம்னு விட்டோம்."

ஆபீசர் அன்புசெல்வனைப் பார்த்தார். "மாமியாரா?"

"ஆமா சார். ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் அவன் சொன்னதை எல்லாம் ஆபீசர் கேட்டார், தலையைக்கூட ஆட்டினார். கடைசியில் காலடியில் கிடந்த செடியைப் பார்த்து, "காஞ்ச செடியை வச்சு நான் என்னம்மா எழுதறது?" என்றார். இந்தத் தடவையும் மேனேஜர் காட்டிய குழாயில்தான் பாட்டில் பிடித்தார்கள். கிணற்றுக்கு வாருங்கள் என்று ஊர்க்காரர்கள் ஜீப்பை மறித்துக் கெஞ்சினார்கள். அது போன தடவையே பார்த்தாகிவிட்டது, கடல் உப்பு என்று பதில் வந்தது.

ஜீப் போன பிறகு வாட்ச்மேன் வந்து கங்கம்மாவின் பாஸை வாங்கிக்கொண்டான். ஆதிகேசவன் படியில் நின்றபடி, கோபமே இல்லாமல், ஏதோ விளக்கம் சொல்கிறவர் போலச் சொன்னார்.

"உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல கங்கம்மா. அரளிக்கு எதுக்குத் தோட்டக்காரி?"

முனுசாமி கேன்டீன் ஜன்னலில் நின்றிருந்தான். ஒரு பாட்டில் நிரப்பிக்கொள்ளட்டுமா என்று அவனிடம் கண்ணாலேயே கேட்டாள். அவன் வாட்ச்மேனைப் பார்த்தான், உள்ளே போய்விட்டான். அவனுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது.

ஊருக்கு நடந்தே வந்தாள். அன்புசெல்வன் கூடவே வந்தான். ஓடையில் அன்றைக்கு மஞ்சள் ஓடியது.

கிணற்றடியில் அரளி நிழலில் இளமதி நின்றிருந்தாள். அம்மா இவ்வளவு சீக்கிரம் வந்ததைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள். காலையிலிருந்து உதைத்துக்கொண்டே இருக்கிறது என்றாள். பிறகு வழக்கம் போல அம்மாவின் தோளிலிருந்து சோற்றுப் பையை வாங்கி, துண்டைப் பிரித்து, பாட்டிலை எடுத்தாள். லேசாக இருந்தது. குலுக்கிப் பார்த்தாள்.

"இன்னாம்மா, இன்னிக்கி தண்ணி எடுத்தாரலியா?"

கங்கம்மா மகனாகவும் மருமகனாகவும் நின்ற அண்ணன் மகனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பரவால்லம்மா" என்றாள் இளமதி. "ரொம்பத் தாகமா கீது." கிணற்றுச் சுவர்மேல் இருந்த வாளியைச் சாய்த்து, கையைக் குவித்துக் குடித்தாள்.